பனிக்கட்டியின் வரவு இடாப்பு

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 10 வகுப்பில் காலநிலை மாற்றம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். வட துருவத்தில் கடல் பனிக்கட்டி குறைந்து வருகிறது என்று கரும்பலகையில் எழுதினோம். பின்வாங்கில் இருந்து ஒரு மாணவன் எழும்பினான். தோட்டத்துப் பிள்ளை. தாய் கொழுந்து பறிக்கிறவர்.

"சேர், அந்த ஐஸ்ஸு கொறையுதுன்னு யாரு எண்ணிப் பார்த்தா? அங்கதான் ஆறு மாசம் இருட்டுன்னு நீங்களே சொன்னீங்களே?"

வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. "உருகுகிறது" என்று பாடப்புத்தகம் சொல்கிறது. யார் பார்த்தார்கள், எப்படி எண்ணினார்கள், எந்த நாளில் இருந்து எண்ணுகிறார்கள் என்று அது சொல்வதில்லை. அன்று மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்கிறோம்" என்று வந்துவிட்டோம். பிறகு பல இரவுகள் தேடி வாசித்தோம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறோம்.

முதலில் பிறையில் இருந்து தொடங்குவோம்.

பதுளையில் இருக்கிற எங்களுக்குப் பிறை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஷஃபான் 29 மாலை பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரும் மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். மலையை மூடி முகில் இறங்கிவிடும். பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலில் இருந்து அறிவிப்பு வரும்வரை வானொலிக்குப் பக்கத்தில் இருப்போம். பிறை தென்படவில்லை என்றால் மாதத்தை 30 ஆகப் பூர்த்தி செய்வது மார்க்கம் காட்டிய வழி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 30 ஆகப் பூர்த்தி செய்ய வேண்டுமென்றால், முதலாம் நாளில் இருந்து யாரோ ஒருவர் விடாமல் எண்ணிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இடையில் எண்ணிக்கை தவறியவனுக்கு அந்த வழியும் இல்லை.

துருவத்தில் இருப்பதும் இதே பிரச்சினைதான். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எழும்பாது. கோடையில் வெளிச்சம் வந்தாலும் கடலுக்கு மேல் முகில் படிந்துகிடக்கும். சாதாரணக் கமராவுக்கு வெளிச்சம் வேண்டும், திறந்த வானமும் வேண்டும். அங்கே இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். செய்மதிகள் வருவதற்கு முன்னர் கப்பல்காரர்களும் திமிங்கில வேட்டைக்காரர்களும் எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன. ஆனால் அவை அவர்கள் போன இடத்துக்கும் போன மாதத்துக்கும் மட்டுமே. யாரும் போகாத இடத்தில், இருட்டில், பனிக்கட்டி என்ன செய்தது என்று தெரியாது.

அந்த இருட்டைத் திறந்தது நுண்ணலை. மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிறதே, அதே குடும்பத்து அலைதான்.

உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. நாமும் விடுகிறோம், கல்லும் விடுகிறது, பனிக்கட்டியும் விடுகிறது. அந்தக் கதிர்களில் ஒரு சிறு பங்கு நுண்ணலையாக வருகிறது. அதற்குச் சூரிய வெளிச்சம் தேவையில்லை. முகிலையும் பெரும்பாலும் ஊடுருவி வந்துவிடும். மேலே சுற்றுகிற செய்மதியில் ஒரு காது வைத்தால் போதும், இரவும் பகலும் கேட்கலாம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. துருவக் கடல் நீர் கிட்டத்தட்ட சைபர் பாகையில் இருக்கும். அதற்கு மேல் மிதக்கிற பனிக்கட்டியின் மேற்பரப்பு குளிர்காலத்தில் சைபருக்குக் கீழே 20, 30 பாகைக்குப் போகும். தொட்டுப் பார்த்தால் பனிக்கட்டிதான் குளிர். ஆனால் நுண்ணலையில் நிலைமை தலைகீழ். நீர் மிகப் பலவீனமாகத்தான் கதிர் விடும், பனிக்கட்டி பலமாக விடும். அதனால் செய்மதியின் காதுக்குக் கடல் குளிராகவும் பனிக்கட்டி சூடாகவும் கேட்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. எது நீர், எது பனிக்கட்டி என்று பிரித்து எண்ண அந்த வித்தியாசமே போதும்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

1972 டிசெம்பரில் அமெரிக்காவின் நாசா நிம்பஸ்-5 என்ற செய்மதியை அனுப்பியது. அதில் 19.35 கிகாஹேர்ட்ஸில் கேட்கிற ஒரு கருவி இருந்தது. அலையின் நீளம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவு. இரண்டு துருவங்களின் கடல் பனிக்கட்டியும், குளிர்கால இருட்டிலும் சேர்த்து, வருடம் முழுதும் ஒரு வரைபடமாக மனிதக் கண்ணுக்கு முதன்முதலில் கிடைத்தது அப்போதுதான்.

கிடைத்தவுடனேயே ஒரு ஆச்சரியம். அன்டார்டிக்காவின் வெடல் கடலில், நடுக் குளிர்காலத்தில், பனிக்கட்டியால் முழுதாக மூடியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. திறந்த கடல். பரப்பளவு சுமார் 250,000 சதுர கிலோமீற்றர். நமது இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர். அப்படியென்றால் ஏறக்குறைய நான்கு இலங்கை. 1974, 1975, 1976 என்று மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து அது திறந்திருந்தது. ஆழத்தில் இருக்கிற சூடான நீர் மேலே வந்து பனிக்கட்டியை உருக்கியதுதான் காரணம் என்று பிறகு விளங்கிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஓட்டையை அதற்கு முன்னர் யாரும் கண்டதில்லை. முன்னர் இருந்ததா, இல்லையா என்பதற்கும் பதிவு இல்லை. இடாப்பு தொடங்காத காலத்துக்கு யாரும் வரவு போட முடியாது.

ஆனால் நிம்பஸ்-5இன் கணக்கில் இடைவெளிகள் அதிகம். உண்மையான இடாப்பு 1978இல்தான் திறக்கப்பட்டது.

அந்த ஆண்டு இரண்டு செய்மதிகள் போயின. ஜூனில் போன சீசாற், கேட்பதோடு நிற்காமல் தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கிற ராடாரைச் சுமந்து சென்றது. 105 நாட்கள்தான். மின்சுற்றுக் கோளாறு வந்து ஒக்டோபர் 10ஆம் திகதி நின்றுவிட்டது. அதே மாதம் 24ஆம் திகதி நிம்பஸ்-7 புறப்பட்டது. அதில் இருந்த கருவியை மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இயக்கினார்கள். தோட்டத்துக் கணக்கில் சொன்னால் அரைப்பேர். ஆனாலும் அந்த அரைப்பேர் 1987 ஓகஸ்ட் வரை கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் விழுந்துகொண்டே இருந்தது.

எப்படி எண்ணினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அவன் கேட்டது அதைத்தானே. துருவப் பகுதி முழுவதையும் 25 கிலோமீற்றருக்கு 25 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்தார்கள். பதுளை நகரமும் பண்டாரவளை நகரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அவ்வளவு பெரிய கட்டம். ஒரு கட்டத்தில் குறைந்தது 15 சதவீதம் பனிக்கட்டி இருந்தால் அதற்கு வரவு, இல்லாவிட்டால் வரவில்லை. வரவு உள்ள கட்டங்களின் பரப்பைக் கூட்டினால் அன்றைய மொத்தம். இதைவிட எளிமையான விதி கிடையாது. ஆனால் அதே விதியை ஒவ்வொரு நாளும், ஆண்டாண்டாக, மாற்றாமல் பிடித்திருக்க வேண்டும். அதன் பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

1987இல் ஒரு கைமாற்றம் நடந்தது. நிம்பஸ்-7 வயதாகிவிட்டது. அமெரிக்க விமானப்படையின் வானிலைச் செய்மதி வரிசையில், எப்8 என்ற செய்மதியில் புதிய கருவி போனது. இது ஒவ்வொரு நாளும் எண்ணக்கூடியது. ஜூலை 9இல் இருந்து ஓகஸ்ட் 20 வரை, ஆறு வாரங்கள், பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் எண்ணின. அந்த ஆறு வாரம்தான் பாலம். இரண்டு கருவிகளும் ஒரே நாளில் ஒரே பனிக்கட்டியைப் பார்த்து என்ன சொல்கின்றன என்று ஒப்பிட்டு, புதியதன் கணக்கைப் பழையதோடு பொருத்தினார்கள். வகுப்பு மாறுகிறபோது பழைய ஆசிரியர் புதியவரோடு சில நாட்கள் கூட இருந்து, "இவன் பெயர் இது, இவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிக்கொடுப்பது போல.

ஆனால் அதே ஆண்டு டிசெம்பர் தொடக்கத்தில் புதிய செய்மதிக்குக் கோளாறு வந்தது. அடுத்த ஜனவரி நடுப்பகுதி வரை, ஏறக்குறைய ஆறு வாரம், ஒன்றும் இல்லை. இன்றும் அந்த இடாப்பைத் திறந்து பார்த்தால் அந்த ஆறு வாரமும் வெறுமையாகவே இருக்கும். ஊகித்து நிரப்பி "அளந்தது" என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த புதிது. மழைக்காலம். நான்கைந்து நாட்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. வேறு வேலைகளில் இடாப்பைக் குறிக்க மறந்துபோனோம். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஞாபகத்தில் இருந்ததை வைத்து நிரப்பினோம். பெரும்பாலும் "வந்தான்" என்றே போட்டோம். அதிபர் பார்த்தார். திட்டவில்லை. "மாஸ்டர், மறந்தால் வெறுமையாக விடுங்கள். வெறுமையாக இருந்தால் மறந்தீர்கள் என்று தெரியும். இப்படி நிரப்பினால், குறிச்ச நாளையும் நம்ப ஏலாது" என்றார். அந்த வாரம் ஒரு பிள்ளை நான்கு நாளும் வரவில்லை, வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் இடாப்பில் அந்தப் பிள்ளை நான்கு நாளும் வகுப்பில் இருந்தது.

துருவத்தின் இடாப்பில் உள்ள அந்த வெறும் ஆறு வாரத்தைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு அந்த அதிபரின் ஞாபகம்தான் வந்தது.

சரி, இவ்வளவு காலம் எண்ணியதில் என்ன தெரிந்தது? ஆர்க்டிக்கில் கோடை முடிந்து செப்டெம்பரில்தான் பனிக்கட்டி ஆகக் குறைவாக இருக்கும். 1979 செப்டெம்பரில் அது ஏறக்குறைய 70 லட்சம் சதுர கிலோமீற்றர். 2012 செப்டெம்பரில் 34 லட்சம். பாதி இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். ஆனால் நீண்ட கணக்கில் பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் என்ற வேகத்தில் குறைந்து வந்திருக்கிறது.

தெற்கே கதை வேறு. அன்டார்டிக்காவில் பல ஆண்டுகள் கடல் பனிக்கட்டி குறையவில்லை, மெல்லக் கூடியது. 2014இல் இரண்டு கோடி சதுர கிலோமீற்றரையும் தாண்டியது. பிறகு சடாரென்று விழுந்து, 2023 பெப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே வந்தது. நேர்மையான இடாப்பு என்பது இதுதான். நாம் எதிர்பார்த்ததைச் சொல்லாது, நடந்ததைச் சொல்லும். கூடியபோது கூடியது என்று எழுதிய அதே கைதான் குறைந்தபோது குறைந்தது என்றும் எழுதியது. அதனால்தான் அதை நம்புகிறோம்.

"இது எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை" என்று சிலர் நினைக்கலாம். இல்லை. நமது பக்கத்து வீட்டுக்காரரின் கையும் இதில் இருக்கிறது.

1979இல் இந்தியா அனுப்பிய பாஸ்கரா-1 செய்மதியிலேயே நுண்ணலையைக் கேட்கிற ஒரு கருவி இருந்தது. சோவியத் ரொக்கெட்டில் போன அந்தச் சிறிய செய்மதியின் வேலை இந்தியாவைச் சுற்றியுள்ள கடலையும் காற்றின் ஈரப்பதனையும் பார்ப்பது. 1981 டிசெம்பரில் கோவாவில் இருந்து 21 பேர் கொண்ட முதலாவது இந்தியக் குழு அன்டார்டிக்காவுக்குப் புறப்பட்டது. 1982 ஜனவரி 9ஆம் திகதி பனிக்கட்டியில் கால்வைத்தது. குழுத் தலைவர் கலாநிதி செய்யித் ஸஹூர் காசிம். அலகாபாத்தில் பிறந்து, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்த கடலியல் விஞ்ஞானி. பிறகு ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் இருந்தவர். நமது பிள்ளைகளுக்கு இப்படிப்பட்டவர்களின் பெயர்களையும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1999 மே 26ஆம் திகதி, சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஓஷன்சாற்-1 போனது. அதன் நுண்ணலைக் கருவி நான்கு அலைவரிசைகளில் கேட்டது. கடலைப் பார்க்கத்தான் அனுப்பினார்கள். ஆனால் அகமதாபாத்தில் இருக்கிற விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் விஞ்ஞானிகள் அதே தரவை வைத்து அன்டார்டிக்காவின் கடல் பனிக்கட்டியையும் எண்ணினார்கள்.

எங்களை ஆகக் கவர்ந்தது அடுத்த செய்மதியின் கதை. 2009 செப்டெம்பர் 23இல் ஓஷன்சாற்-2 போனது. அதில் இருந்தது சும்மா கேட்கிற கருவி அல்ல, அலையை அனுப்பி எதிரொலியை அளக்கிற ராடார். கடல் காற்றை அளப்பது அதன் வேலை. அதே வேலையை அதுவரை பத்து ஆண்டுகளாகச் செய்து வந்தது நாசாவின் குயிக்ஸ்காற். ஓஷன்சாற்-2 போய் சரியாக இரண்டு மாதத்தில், நவம்பர் 23ஆம் திகதி, குயிக்ஸ்காற்றின் சுழலும் அன்டெனா தேய்ந்து நின்றுவிட்டது. அந்த நேரத்தில் இந்தியக் கருவி மேலே இல்லாதிருந்தால் அந்த இடத்தில் ஒரு பெரிய வெறுமை விழுந்திருக்கும்.

2012 ஜூலை. நாசாவில் வேலை செய்யும் சொன் நிகியெம் என்ற விஞ்ஞானி இந்த இந்தியச் செய்மதியின் தரவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலர்ந்த பனி ராடார் அலையை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஈரமான பனி அலையை உறிஞ்சிக்கொள்ளும், எதிரொலி சட்டென்று மங்கும். எனவே எதிரொலி மங்கிய இடத்தில் பனி உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஜூலை 8ஆம் திகதி கிறீன்லாந்தின் பனிப்பரப்பில் சுமார் 40 சதவீதம் மேல்தளத்தில் உருகியிருந்தது. நான்கு நாளில், 12ஆம் திகதி, 97 சதவீதம்!

அவர் முதலில் தன் கண்ணையே நம்பவில்லை, தரவில் பிழை இருக்கலாம் என்றுதான் நினைத்தார். வழக்கமான கோடையில் பாதிதான் உருகும். இப்போது நடுவில் இருக்கிற உச்சிகூட ஈரமாகியிருந்தது. அந்த உச்சி 3,200 மீற்றர் உயரம். நமது பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். மற்றச் செய்மதிகளின் தரவையும் எடுத்துப் பார்த்தார்கள். மேலே சொன்ன விமானப்படைச் செய்மதியின் நுண்ணலைக் கருவி உட்பட எல்லாமே ஒரே பதிலைச் சொன்னன. உச்சியில் துளைத்து எடுத்த பனித்தண்டுகளில் இதற்கு முந்தைய உருகல் 1889இல் பதிந்திருந்தது. ஒருவன் சொன்னால் செய்தி. ஒருவரையொருவர் கேட்காத நான்கு பேர் ஒன்றையே சொன்னால் சாட்சி. ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இப்போது இந்தக் கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறோம்.

1987இல் இருந்து இந்த இடாப்பைச் சுமந்து வந்தது அமெரிக்க இராணுவத்தின் வானிலைச் செய்மதி வரிசை என்று சொன்னோம். அந்த வரிசையில் கடைசியாக ஒன்று கட்டப்பட்டுக் களஞ்சியத்தில் இருந்தது. எப்20. அதை அனுப்பப் பணம் கொடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் மறுத்தது. அது பறக்காமலே பிரிக்கப்பட்டது. அதே காலத்தில், 2016இல், மேலே இருந்த எப்19 கைவிட்டது. எப்17இன் முக்கியமான ஒரு அலைவரிசையும் பழுதானது. மிச்சம் இருந்த வயதான செய்மதிகளை வைத்துத்தான் தொடர்ந்து எண்ணினார்கள்.

பிறகு 2025 ஜூன். இந்தத் தரவை வெளியே கொடுப்பதை ஜூன் 30ஆம் திகதியோடு நிறுத்துகிறோம் என்று திடீர் அறிவிப்பு வந்தது. சில நாள் அவகாசம்தான். கணினிப் பாதுகாப்புக் காரணம் என்றார்கள். செய்மதிகள் மேலே நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தன. பிறகு ஜூலை 31 வரை நீடித்தார்கள். கடைசியில், தொடர்ந்து கொடுக்கிறோம் என்று மாற்றிக்கொண்டார்கள். இதற்கிடையில் அமெரிக்காவின் தேசியப் பனி மற்றும் பனிக்கட்டித் தரவு மையம் தன் தினக் கணக்கை ஜப்பான் செய்மதி ஒன்றின் கருவிக்கு மாற்றியது. 2012இல் இருந்து சுற்றிவரும் அந்த ஜப்பான் கருவி இல்லாதிருந்தால்? 46 ஆண்டு இடாப்பு ஒரு கடிதத்தால் அறுந்திருக்கும்.

செய்மதி பழுதாகி அறுவது வேறு. அது களாகத்ர். ஆனால் கருவி நன்றாக இருக்க, எங்கோ ஒரு காரியாலயத்தில் ஒருவர் "இனிக் கொடுக்கத் தேவையில்லை" என்று தீர்மானிப்பது வேறு.

இடாப்பு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி மலையகத்தில் யாருக்கும் புதிதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, தன் பெயர் செக்ரோலில் விழுந்ததா, முழுப்பேரா அரைப்பேரா என்று தெரியாமல் மலைக்கு ஏறிய தலைமுறைகள் இவை. 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தபோது, உன் தகப்பனோ, பாட்டன் பூட்டன்மாரோ இந்த மண்ணில் பிறந்தார்கள் என்று பதிவைக் காட்டு என்றார்கள். பிறந்தது உண்மை. வாழ்ந்தது உண்மை. தேயிலை நட்டது உண்மை. பதிவு இல்லை. அதனால் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 2003இல் புதிய சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு தீரவில்லை. நடந்த ஒன்று எழுதப்படாவிட்டால், அது நடக்கவே இல்லை என்று சொல்ல ஒருவன் எப்போதும் இருப்பான். பனிக்கட்டிக்கும் அதே விதிதான்.

இனி அந்த மாணவனின் இரண்டாவது கேள்வி. அடுத்த நாள் இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: "சரி சேர். ஆனா பதுளைக்குக் கடல் வராதுல்ல? நமக்கு என்னா?"

பதுளைக்குக் கடல் வராது, உண்மை. மிதக்கிற பனிக்கட்டி உருகுவதால் கடல் மட்டம் பெரிதாக உயராது என்பதையும் அவனுக்குச் சொன்னோம். கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கிற ஐஸ் கட்டி உருகினால் தண்ணீர் வழியாதது போல. ஆனால் கிறீன்லாந்தில் இருப்பது தரைமேல் இருக்கும் பனி. அது உருகி ஓடினால் கடல் உயரும். காத்தான்குடியிலும் பொத்துவிலிலும் நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பதில் ஒன்று இருக்கிறது. எண்ணுகிற பழக்கம்.

ஊவாவின் தோட்டங்களில் மழைமானி புதிதல்ல. ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் அந்தக் குழாயைப் பார்த்து, அளவை ஒரு கொப்பியில் எழுதுவார். இன்று மண்சரிவு எச்சரிக்கை அந்த எண்ணை வைத்துத்தான் வருகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகு, 150ஐத் தாண்டினால் வெளியேறு.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களுக்கு மேல் மலை இறங்கியதை நாம் மறக்கவில்லை. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டது லயத்துக்குப் போய்ச் சேரவில்லை, சேர்ந்தாலும் போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அழுகை கேட்டது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். முகில் மூடிய அப்படிப்பட்ட நாட்களில் மேலே இருந்து பார்க்கக்கூடியது ராடார் செய்மதிதான். 2025 ஜூலை 30இல் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அனுப்பிய நிசார் செய்மதி துருவப் பனிக்கட்டி நகர்வதையும் பார்க்கும், மலைச்சரிவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதையும் பார்க்கும். கிறீன்லாந்துக்கு ஒரு கருவி, நமுனுகுலைக்கு வேறு கருவி என்று இல்லை.

ஆனால் செய்மதி பல நாட்களுக்கு ஒருமுறைதான் ஒரே இடத்துக்கு வரும். இடையில் பெய்கிற மழையை நாம்தான் அளக்க வேண்டும்.

அதனால் இப்போது எங்கள் வகுப்பில் ஒரு கொப்பி இருக்கிறது. பிளாஸ்டிக் போத்தலை வெட்டிப் பிள்ளைகளே செய்த மழைமானி ஒன்று பாடசாலை முற்றத்தில் இருக்கிறது. மிகச் சரியான கருவி என்று சொல்ல மாட்டோம். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு ஒரு பிள்ளை பார்த்து எழுத வேண்டும். மழை இல்லாவிட்டால் சைபர் என்று எழுத வேண்டும். சைபரும் ஒரு அளவு. பார்க்க மறந்தால் வெறுமையாக விட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. முறை மாறுகிறபோது பழைய பிள்ளையும் புதிய பிள்ளையும் ஒரு வாரம் சேர்ந்து பார்க்க வேண்டும். இந்த மூன்று விதிகளும் துருவத்தில் இருந்து வந்தவை என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

கொப்பியின் முதலாவது பொறுப்பாளர் யார் என்று கேட்கிறீர்களா? பின்வாங்குக்காரன்தான்.

போன வாரம் கொப்பியைப் புரட்டினோம். ஒரு சனிக்கிழமைக்கு எதிரே வெறுமை. ஞாயிற்றுக்கிழமையும் வெறுமை. விடுமுறை நாள்தானே என்று நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவனே வந்து சொன்னான்: "சேர், இனி நான் சனி ஞாயிறும் வந்து பாத்துட்டுப் போறேன். நம்ம லயத்துல இருந்து கிட்டதான்."

உங்கள் தோட்டத்திலும் ஊரிலும் பழைய மழைக் கொப்பி எதுவும் இருந்தால் தயவுசெய்து அதைப் பழைய கடதாசிக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். ஆசிரியர்களாக இருந்தால் உங்கள் பாடசாலையிலும் ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். இன்று தொடங்கினால், இன்றுள்ள தரம் 10 பிள்ளைகளின் பிள்ளைகள் தரம் 10க்கு வரும்போது அது ஒரு இடாப்பாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.